மலிவு விலை ரைபிள் ஸ்கோப்புகளின் வரலாறு

ரைபிள் ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் சிறிய தொலைநோக்கி ஆகும். தொலைவில் உள்ள இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுவதும், குண்டு சென்று சேரும் இடத்தை ஒரு குறியால் சுட்டிக்காட்டுவதும் இதன் இரு பணிகள். இவற்றுள் முதல் பணியை எந்தத் தொலைநோக்கியும் செய்யும். இரண்டாவது பணிதான் ஸ்கோப்பை மற்றக் கருவிகளிலிருந்து வேறுபடுத்துகிறது. ஒவ்வொரு வேட்டும் கொடுக்கும் உதைப்பைத் தாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் குறி ஒரு மயிரிழையும் நகராமல் இருக்க வேண்டும்.

இன்று ஸ்கோப்புகள் எண்ணற்ற வணிகப் பெயர்களில் விற்கப்படுகின்றன. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு ஸ்கோப்புகளின் விலை பல மடங்கு வேறுபடுகிறது. அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் மலிவான ஸ்கோப்பை வாங்கலாமா என்ற கேள்வி இன்று தோன்றியது அன்று. 1930-களில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டனர். சில ஆண்டுகளில் அமெரிக்கத் தரைப்படையும் இதே கேள்வியை எதிர்கொண்டது. ஒரு ஸ்கோப் இரண்டு காரணங்களால் மலிவாக இருக்கலாம். தேவையற்றதை நீக்கியதால் விலை குறைந்திருக்கலாம்; தேவையானதையே நீக்கிவிட்டு வெளித்தோற்றத்தை மட்டும் காத்ததாலும் விலை குறைந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஸ்கோப்பின் வரலாறு உதவுகிறது.

தொலைநோக்கிக்குள் ஓர் இழை

1611 ஆம் ஆண்டில் யோகான்னசு கெப்ளர் இரண்டு குவிலென்சுகளைக் கொண்டு அமைக்கக்கூடிய தொலைநோக்கியை விளக்கினார். இதில் தெரியும் காட்சி தலைகீழாக இருக்கும். ஆனால் கலிலியோவின் தொலைநோக்கியில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. பொருளருகு லென்ஸ் உருவாக்கும் பிம்பம் குழலுக்கு உள்ளேயே விழுகிறது. அந்த இடத்தில் ஒரு மெல்லிய இழையை வைத்தால், இழையும் தொலைவில் உள்ள பொருளும் ஒரே தளத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

1630-களின் இறுதியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் கேஸ்கோய்ன் என்ற வானியல் ஆர்வலர் இதனைக் கண்டறிந்தார். தொலைநோக்கிக்குள் சிலந்தி பின்னிய நூல் ஒன்று வானத்துப் பொருளோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்ததே இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது எனக் கூறப்படுகிறது. விண்மீன்களின் கோணத்தை அளக்கும் கருவிகளில் அவர் இம்முறையைப் பயன்படுத்தினார். 1644 ஆம் ஆண்டில் மார்ஸ்டன் மூர் போரில் அவர் உயிரிழந்தார். குறுக்கிழை என்று இன்று அழைக்கப்படும் குறியின் தொடக்கம் இதுவே. பின்னர் நில அளவைக் கருவிகளிலும் ஸ்கோப்புகளிலும் நீண்ட காலம் சிலந்தி நூலே குறுக்கிழையாகப் பயன்பட்டது. அது மிக மெல்லியது. அதேவேளை வலிமையும் மீள்தன்மையும் கொண்டது.

இழை பிம்பத் தளத்தில் மிகச் சரியாக அமையாவிட்டால் ஒரு பிழை ஏற்படும். பார்ப்பவர் தலையைச் சற்று அசைத்தாலும் இழை இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றும். பள்ளி அறிவியலில் அளவுகோலைச் சாய்வாகப் பார்க்கும்போது ஏற்படுவதாகச் சொல்லப்படும் இடமாறு தோற்றப் பிழையே இது. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு ஸ்கோப்பின் தரத்தை அறியும் முதல் சோதனை இப்பிழையைத் தேடுவதாகவே இருக்கிறது.

19 ஆம் நூற்றாண்டின் நீண்ட குழல்கள்

துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்தும் முயற்சி 1830-களிலும் 1840-களிலும் பயன்படத்தக்க வடிவம் பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரத் துப்பாக்கித் தொழிலாளர் மார்கன் ஜேம்ஸ், பொறியாளர் ஜான் ஆர். சாப்மன் ஆகியோர் இதில் முன்னோடிகள். அவர்கள் காலத்து ஸ்கோப்புகள் துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கு நீண்டிருந்தன. 1855 ஆம் ஆண்டில் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் நிறப்பிழை நீக்கிய லென்சுகளைக் கொண்ட ஸ்கோப்புகளைச் செய்யத் தொடங்கினார். ஒளியின் நிறங்கள் பிரிந்து விளிம்புகளில் வண்ணக் கோடுகள் தோன்றுவது இவற்றில் குறைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பிலும் குறிபார்த்துச் சுடுவோர் சிலர் ஸ்கோப் பொருத்திய துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர்.

இந்த ஸ்கோப்புகளில் குறியைத் திருத்துவதற்கு முழுக் குழலையுமே நகர்த்த வேண்டியிருந்தது. குழலைத் தாங்கும் வளையங்களில் திருகுகள் இருந்தன. மேலும் கீழும், இடமும் வலமும் அவையே குழலைத் தள்ளின. அவற்றைச் செய்ய நுட்பமான கைத்திறன் வேண்டும். ஆகவே ஸ்கோப் என்பது பந்தயத்தில் சுடுவோரும் செல்வந்தர்களும் வைத்திருக்கும் பொருளாகவே இருந்தது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியும் ஆஸ்திரியாவும் இத்துறையில் முன்னணிக்கு வந்தன. சைஸ், கோயர்ட்ஸ், ஹென்சோல்ட் ஆகிய செருமானிய நிறுவனங்களும், 1898 ஆம் ஆண்டில் வியன்னாவில் தொடங்கப்பட்ட காலெஸ் நிறுவனமும் வேட்டைக்கான ஸ்கோப்புகளைச் செய்தன. முதல் உலகப் போர் மூண்டபோது செருமானியப் படை, குடிமக்களான வேட்டைக்காரர்களிடமிருந்து ஸ்கோப் பொருத்திய துப்பாக்கிகளைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பியது. போருக்குப் பின் இந்த ஐரோப்பிய ஸ்கோப்புகள் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. தரத்தில் அவற்றைக் குறை சொல்ல இயலாது. ஆனால் ஸ்கோப்பின் விலையோடு, அதனைப் பொருத்தித் தரும் கைவினைஞரின் கூலியும் சேர்ந்தபோது சாதாரண உழவராலோ ஆலைத் தொழிலாளராலோ அதனை வாங்க இயலவில்லை.

வீவர் 330

1929 ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்து அமெரிக்காவில் பெருமந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே, கென்டக்கி மாநிலத்தில் வில்லியம் ரால்ஃப் வீவர் என்ற இளைஞர் ஸ்கோப் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருடைய பெயரை யாரும் அறிந்திருக்கவில்லை. 1933 ஆம் ஆண்டில் டெக்சாசு மாநிலத்தின் எல் பாசோ நகருக்கு அவர் தொழிலை மாற்றினார்.

அவருடைய முதல் ஸ்கோப்பின் பெயர் 3-30. பின்னர் 330 என்றே அது அறியப்பட்டது. உருப்பெருக்கம் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. எஃகுக் குழலின் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. "வெட்டுக்கிளி" என்று அழைக்கப்பட்ட பிடிமானத்தோடு சேர்த்து அதன் விலை 19 டாலர். குறியை மேல்கீழாகவும் இடவலமாகவும் திருத்தும் அமைப்பு குழலுக்கு உள்ளேயே இருந்தது. இதனால் பிடிமானம் எளிய உலோகத் தகடாக இருந்தாலே போதும் என்றானது. விலையுயர்ந்த கைவினைஞரின் தேவையும் குறைந்தது.

வீவர் எதை விட்டுக்கொடுத்தார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே இங்கு முக்கியம். பெரிய லென்ஸ் இல்லை. ஆகவே அந்தி வேளையில் ஐரோப்பிய ஸ்கோப்புகளின் ஒளிர்வு இதில் கிடைக்காது. உருப்பெருக்கத்தை மாற்றும் வசதியும் இல்லை. பார்வைப் புலமும் படத்தெளிவும் அளவானவை. ஆனால் எஃகுக் குழல் உறுதியானது, திருத்தும் திருகுகள் வேலை செய்தன, ஒருமுறை சரிசெய்த குறி பொதுவாக அப்படியே நின்றது. பகல் வெளிச்சத்தில் 100 அல்லது 150 மீட்டர் தொலைவில் மான் வேட்டையாடுபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பிற நிறுவனங்களும் இதனைக் கவனித்தன. 1930-களின் இறுதிக்குள் அமெரிக்காவில் ஸ்கோப் என்பது பரவலாக வாங்கப்படும் பொருளாக மாறத் தொடங்கியது.

மலிவு ஸ்கோப் போருக்குச் செல்லுதல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படைக்குக் குறிசுடுநர் துப்பாக்கி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரம் இல்லை. ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கியின் ஒரு வடிவத்தை எடுத்து, அதில் கடையில் கிடைக்கும் வேட்டை ஸ்கோப்பைப் பொருத்துவதென முடிவாயிற்று. 1943 ஆம் ஆண்டில் எம்1903ஏ4 என்ற பெயரில் இது ஏற்கப்பட்டது. ரெமிங்டன் நிறுவனம் ஏறத்தாழ 28,000 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது.

இதற்கு லைமன் நிறுவனத்தின் அலாஸ்கன் என்ற உயர்தர ஸ்கோப்பும் கருதப்பட்டது. ஆனால் அது வேண்டிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. வீவரின் ஸ்கோப் கிடைத்தது. 330சி என்ற அதன் வடிவம் எம்73பி1 என்ற படைப் பெயரோடு போர்முனைக்குச் சென்றது. பெருமந்தக் காலத்து வேட்டைக்காரருக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், இப்போது ஒரு வீரரின் உயிரைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று.

அங்குதான் அதன் எல்லை தெரிந்தது. வேட்டைக்காரர் மழை வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம், வீரரால் முடியாது. வீவரின் குழல் ஈரம் புகாதபடி அடைக்கப்பட்டது அன்று. மழையிலும் பனியிலும் வெப்பமண்டலக் காடுகளிலும் உள்ளே ஈரம் புகுந்து லென்சுகள் மங்கின. எம்1903ஏ4 துப்பாக்கியில் வழக்கமான இரும்புக் குறிநோக்கிகள் இடம்பெறவில்லை. ஸ்கோப் மங்கினால் குறிபார்க்க மாற்று வழியே கிடையாது. போரின் இறுதிக் கட்டத்தில் ஏற்கப்பட்ட எம்84 ஸ்கோப்பில் ஈரம் புகாமல் தடுப்பதற்குச் சிறப்புக் கவனம் செலுத்தப்பட்டதற்கு இந்த அனுபவமே பின்னணி.

வீவரின் ஸ்கோப் மோசமானது என்பதற்கு இது சான்று ஆகாது. எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. வேறு வேலைக்கு அனுப்பப்பட்டபோது, சிக்கனத்துக்காக விட்டுவைக்கப்பட்ட ஓர் அம்சம் உயிர்ப் பிரச்சினையாக மாறியது.

சோவியத் ஒன்றியத்தின் பியு ஸ்கோப்

இதே காலத்தில் சோவியத் ஒன்றியம் சிக்கனத்தை வேறு வழியில் அணுகியது. 1930-களில் அங்கு செய்யப்பட்ட பிஇ ஸ்கோப் செருமானிய மரபைப் பின்பற்றியது. பார்ப்பவரின் கண்ணுக்கேற்பக் குவியத்தைத் திருத்தும் வளையமும் அதில் இருந்தது. நகரும் பகுதி எங்கு இருக்கிறதோ அங்கு ஈரம் புக இடம் உண்டு. அடுத்து வந்த பிஇஎம் வடிவத்தில் அந்த வளையம் நீக்கப்பட்டது.

1940 ஆம் ஆண்டில் பியு என்ற மேலும் எளிய ஸ்கோப் வந்தது. உருப்பெருக்கம் மூன்றரை மடங்கு. நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. மட்டுமே. முதலில் எஸ்விடி-40 துப்பாக்கிக்காகச் செய்யப்பட்ட இது, 1942 முதல் மோசின் துப்பாக்கியில் பொருத்தப்பட்டுப் பெருமளவில் உற்பத்தியானது. இங்கு விலையைக் குறைத்த அதே மாற்றம் கருவியின் உறுதியையும் கூட்டியது. பாகங்கள் குறைந்தால் பழுதடையும் இடங்களும் குறையும் என்ற பாடம், இன்று மலிவு ஸ்கோப் வாங்குவோருக்கும் பொருந்தும்.

போருக்குப் பிந்தைய மூன்று திருத்தங்கள்

1940-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்கோப்பின் மூன்று பழைய குறைகள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டன.

முதலாவது, மங்குதல். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் நில அளவைக் கருவிகளைச் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் மார்கசு லியூபோல்டு. வேட்டையின்போது ஸ்கோப் மங்கியதால் ஒரு மானைத் தவறவிட்டார் என்றும், இதைவிட நல்ல ஸ்கோப்பைத் தாமே செய்ய முடியும் என்று அப்போது முடிவெடுத்தார் என்றும் அந்நிறுவனத்தின் மரபுவழிக் கதை கூறுகிறது. 1947 ஆம் ஆண்டில் அவர்களுடைய முதல் ஸ்கோப்பான பிளெயின்ஸ்மன் வெளிவந்தது. குழலில் உள்ள ஈரக் காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரசனை நிரப்பி அடைக்கும் முறை அந்நிறுவனத்தின் வழியே அமெரிக்காவில் பரவியது. உள்ளே நீராவி இல்லாதபோது குளிரில் லென்சின் உட்புறம் பனிப்பதற்கு எதுவும் இல்லை.

இரண்டாவது, ஒளி இழப்பு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு ஸ்கோப்பில் பத்துப் பரப்புகள் இருந்தால், உள்ளே நுழையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணை அடையாது. 1935 ஆம் ஆண்டில் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் சுமாகுலா, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலத்தைப் படியவைத்து இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். போர்க்காலத்தில் படைக் கருவிகளில் பயன்பட்ட இம்முறை, போருக்குப் பின் வேட்டை ஸ்கோப்புகளுக்கும் வந்தது.

மூன்றாவது, நகரும் குறுக்கிழை. பழைய ஸ்கோப்புகளில் குறியைத் திருத்தும்போது இழை பார்வைப் புலத்தின் நடுவிலிருந்து விலகி ஒரு மூலைக்குச் சென்றுவிடும். தலைகீழான காட்சியை நேராக்கும் லென்சுகளையும் இழையையும் ஓர் உட்குழலில் சேர்த்து வைத்து, அந்த உட்குழலையே சாய்க்கும் அமைப்பு பின்னர் வந்தது. இதில் இழை எப்போதும் நடுவிலேயே தெரியும். இந்த உட்குழலைத் திருகுகள் ஒரு பக்கம் தள்ள, எதிர்ப்பக்கத்தில் ஒரு வில்சுருள் தாங்கி நிற்கிறது. இன்றைய மலிவு ஸ்கோப்புகளின் தோல்விகளில் பல இந்த வில்சுருளிலிருந்தே தொடங்குகின்றன. சுருள் வலுவிழந்தால் திருகைச் சுழற்றினாலும் உட்குழல் உடனே நகராது. அடுத்த வேட்டின் உதைப்பில்தான் நகரும்.

வீவர் நிறுவனமும் 1947 ஆம் ஆண்டில் ஓர் அங்குலக் குழல் கொண்ட கே வரிசையை வெளியிட்டது. நான்கு மடங்கு உருப்பெருக்கம் கொண்ட கே4 ஒரு தலைமுறை அமெரிக்க வேட்டைக்காரர்களின் வழக்கமான ஸ்கோப்பாயிற்று. வீவரின் எளிய பிடிமானத் தண்டும் பரவலாக நிலைபெற்றது. அதனை ஒட்டியே அமெரிக்கப் படை 1995 ஆம் ஆண்டில் பிக்காட்டினி தண்டின் அளவுகளை வரையறுத்தது. மலிவு நிறுவனம் என்று தொடங்கிய ஒன்றின் அடிச்சுவடு இவ்வாறு படைத்தர அளவையிலும் இடம்பெற்றது.

ஒரே ஆலை, பல பெயர்கள்

போருக்குப் பின் சப்பானின் ஒளியியல் தொழிற்சாலைகள் ஏற்றுமதியை நோக்கித் திரும்பின. 1948 ஆம் ஆண்டில் டேவிட் புஷ்னெல் சப்பானிய இருகண் நோக்கிகளை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கினார். 1954 ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவில் தொடங்கப்பட்ட டாஸ்கோ நிறுவனமும் இதே வழியைப் பின்பற்றியது. இவை சொந்த ஆலைகளை நம்பாமல், சப்பானிய ஆலைகளில் செய்யப்பட்ட பொருள்களுக்குத் தம் பெயரை இட்டு விற்றன. "சப்பானில் செய்யப்பட்டது" என்ற சொற்கள் அன்று பல வாங்குவோருக்கு ஐயத்தையே தந்தன.

அந்த ஐயத்தை நீக்கச் சப்பான் ஏற்றுமதிப் பொருள்களுக்கு ஆய்வுமுறையை ஏற்படுத்தியது. தொலைநோக்கி ஆய்வு நிறுவனம் சோதித்த கருவிகளில் முட்டை வடிவிலான சிறு பொன்னிற ஒட்டுச்சீட்டு இடம்பெற்றது. இருகண் நோக்கிகளில் செய்தவரைக் குறிக்கும் சுருக்கக் குறியீடும் பொறிக்கப்பட்டது. பழைய கருவிகளைச் சேகரிப்போர் அக்குறியீடுகளை ஒப்பிட்டபோது, வெவ்வேறு வணிகப் பெயர்களைத் தாங்கிய கருவிகள் ஒரே ஆலையிலிருந்து வந்தது தெரியவந்தது.

1971-க்குப் பின் யென்னின் மதிப்பு உயர்ந்தது. 1985 ஆம் ஆண்டின் பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு அது மேலும் வேகமாக ஏறியது. சப்பானியப் பொருள்களின் விலையும் கூடியது. மலிவு ஸ்கோப்புகளின் உற்பத்தி படிப்படியாகத் தைவான், தென்கொரியா, பிலிப்பைன்சு, சீனா ஆகிய நாடுகளுக்கு நகர்ந்தது. ஒரு காலத்தில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட சப்பானிய ஸ்கோப்புகள் உயர்தரப் பொருள்களாக மதிக்கப்படலாயின. அந்த ஐயம் இப்போது புதிய நாடுகளின் மேல் படிந்தது.

இதற்கிடையில் வீவரின் கதையும் மாறியது. 1968 ஆம் ஆண்டில் அவர் நிறுவனத்தை ஓலின் குழுமத்துக்கு விற்றார். 1975 ஆம் ஆண்டில் காலமானார். 1980-களில் எல் பாசோ ஆலை மூடப்பட்டது. வீவர் என்ற பெயர் பல கைகள் மாறி, பின்னர் சப்பானில் செய்யப்பட்ட ஸ்கோப்புகளிலும் இடம்பெற்றது. டாஸ்கோவும் 2002 ஆம் ஆண்டில் தொழிலை நிறுத்த, அதன் பெயரைப் புஷ்னெல் வாங்கியது. பெயர் பழையது என்பதால் ஆலையும் பழையது என்று கொள்ள முடியாது. பெயர் புதியது என்பதால் ஆலை அனுபவமற்றது என்றும் கொள்ள முடியாது.

அறியப்படாத பெயரை எடைபோடுதல்

மேற்கண்ட வரலாற்றில் தீர்க்கப்பட்ட ஒவ்வொரு குறையும் இன்று ஒரு சோதனையாகப் பயன்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, விலை எதற்காகச் செலவிடப்பட்டிருக்கிறது என்பது. ஒரே விலையில் இரண்டு ஸ்கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று நான்கு மடங்கு நிலையான உருப்பெருக்கமும் 32 மி.மீ. பொருளருகு லென்சும் கொண்டது. மற்றொன்று 4 முதல் 16 மடங்கு வரை மாறும் உருப்பெருக்கமும், 50 மி.மீ. லென்சும், ஒளிரும் குறுக்கிழையும் கொண்டது. இரண்டாவதில் கூடுதல் லென்சுகளும், நகரும் உட்குழல்களும், மின்கலமும் உள்ளன. அதே பணம் அத்தனை பாகங்களுக்கும் பங்கிடப்பட வேண்டும். குறைந்த விலையில் எளிய ஸ்கோப்பே பெரும்பாலும் உறுதியானதாக அமைகிறது. வீவர் 330-உம் பியு ஸ்கோப்பும் காட்டியது இதுவே.

பெரிய உருப்பெருக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பொருளருகு லென்சின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மி.மீ. லென்சும் நான்கு மடங்கும் என்றால் 8 மி.மீ.; 50 மி.மீ. லென்சும் 16 மடங்கும் என்றால் ஏறத்தாழ 3 மி.மீ. இருளில் மனிதக் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரிகிறது. ஆகவே அந்தியில் உயர் உருப்பெருக்கம் காட்சியை இருட்டாக்குகிறது.

அடுத்தது குறித்திருத்தம். பல ஸ்கோப்புகளில் திருகின் ஒரு சொடுக்கு 100 மீட்டர் தொலைவில் குறியை ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்த வேண்டும். இதனைச் சோதிக்கச் சுடுதளங்களில் சதுர முறை வழக்கில் உள்ளது. முதலில் ஒரு வேட்டு. பிறகு திருகை 20 சொடுக்குகள் மேலே, 20 வலம், 20 கீழே, 20 இடம் என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் ஒரு வேட்டு. எப்போதும் அதே இடத்தையே குறிபார்க்க வேண்டும். குண்டுத் துளைகள் ஏறத்தாழ 15 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை அமைத்து, கடைசி வேட்டு முதல் துளையின் அருகே விழுந்தால் உட்குழலும் வில்சுருளும் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். சுடாமலும் இதனைச் செய்யலாம். ஸ்கோப்பை அசையாத பிடிப்பில் இறுக்கி, தொலைவில் கட்டம் போட்ட அட்டையை வைத்து, திருகைச் சுழற்றக் குறுக்கிழை எவ்வளவு நகர்கிறது எனக் கணக்கிட்டால் போதும்.

மூன்றாவது இடமாறு தோற்றப் பிழை. அசையாத ஸ்கோப்பின் வழியே பார்த்தபடி தலையை மட்டும் இடவலமாக நகர்த்தினால் குறுக்கிழை இலக்கின் மேல் ஊர்ந்து செல்லக் கூடாது. பெருந்திறன் துப்பாக்கிகளுக்கான நிலையான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெச அளவில் இப்பிழை இல்லாதபடி அமைக்கப்படுகின்றன. சிறுதிறன் துப்பாக்கிகளுக்கானவை 50 கெச அளவில். காற்றுத் துப்பாக்கியில் 10 மீட்டரில் சுடுபவர், 100 கெசத்துக்கு அமைக்கப்பட்ட ஸ்கோப்பை வாங்கினால் எவ்வளவு பயின்றாலும் பிழை தொடரும்.

நான்காவது கண் தொலைவு, அதாவது முழுக் காட்சியும் தெரியும்படி கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். இது பொதுவாக 75 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். குறைவாக இருந்தால், உதைப்பில் பின்னோக்கி வரும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

ஐந்தாவது உதைப்பின் தன்மை. வில்சுருளால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியின் விசை குறைவு என்பதால் எந்த ஸ்கோப்பும் போதும் எனப் பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. அதன் உள்ளே உள்ள கனமான உந்துதண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னே செல்கிறது. தண்டு முட்டி நின்றதும் துப்பாக்கி சட்டென முன்னே இழுக்கப்படுகிறது. இந்த இருதிசை அதிர்ச்சியைக் கருத்தில் கொள்ளாமல் செய்யப்பட்ட ஸ்கோப்புகளில் லென்சுகளும் இழையும் தளர்ந்துவிடுகின்றன.

இவற்றோடு பிடிமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த வளையத்தில் பொருத்தப்பட்ட நல்ல ஸ்கோப்பும் கெட்ட ஸ்கோப்பைப்போலவே நடந்துகொள்ளும். ஸ்கோப்புக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை வளையங்களுக்கு ஒதுக்குவது வீண் செலவு அன்று.

வரலாறு காட்டுவது

தவறான ஸ்கோப்பின் விலை பணம் மட்டுமன்று. குறி நகர்ந்திருப்பதை அறியாமல் சுடும் வேட்டைக்காரரின் குண்டு விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்துகிறது. அது காட்டுக்குள் ஓடி வேதனையோடு மடிகிறது. பந்தயத்தில் சுடுபவர் தன் கைப்பழக்கத்தின் மேல் ஐயம் கொண்டு, இல்லாத பிழையைத் திருத்தப் பல மாதங்களைச் செலவிடுகிறார். ஆகவே புதிய ஸ்கோப்பை முதல் நாளிலேயே அட்டை இலக்கின்மேல் சோதிப்பதும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் காலவரம்புக்குள் அச்சோதனையை முடிப்பதும் அறியப்படாத பெயரை வாங்குவோருக்கு இன்றியமையாதவை.

1930 ஆம் ஆண்டில் வீவர் என்பதும் அறியப்படாத பெயரே. அதனை வாங்கியவர்கள் பெயரைப் பார்த்து வாங்கவில்லை. கையில் எடுத்துத் துப்பாக்கியில் பொருத்திச் சுட்டுப் பார்த்தனர், குறி நின்றது. அதே ஸ்கோப் மழைக்காட்டுக்குச் சென்றபோது மங்கியது. இவ்விரண்டும் ஒரே கருவியைப் பற்றிய உண்மைகள். ஒரு மலிவு ஸ்கோப் நல்லதா என்ற கேள்விக்கு அதன் பெயரிலோ விலைச்சீட்டிலோ விடை கிடைப்பதில்லை. எந்தத் துப்பாக்கிக்கு, எந்தத் தொலைவுக்கு, எந்த வானிலைக்கு என்று கேட்ட பிறகே அக்கேள்விக்குப் பொருள் உண்டாகிறது.